பிரேக்கில் காற்று ஏற்றிய சின்னக் கிராணி

நான் தொட்டுக் கெடுத்த பொருள்கள் நிறைய உண்டு. ஒரு ரேடியோ, ஒரு தையல் மிஷின், ஒரு சுவர்க் கடிகாரம், அண்ணன் மகனுடைய கல்யாணப் பேச்சு. ஆனால் ஒன்றை வெளியே எடுக்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து, அதையே இன்னும் கொஞ்சம் உள்ளே ஏற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கை கழுவிக்கொண்டு எழுந்து போனது ஒரே ஒரு முறைதான். அந்தப் பொருள் காற்று. ஏறிய இடம் என் காரின் பிரேக் குழாய்.

மலாயாவில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்டுக்கொண்டு, அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மலாக்காவில் ஜாசினைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நான் கணக்கெழுதுகிற சின்னக் கிராணியாக இருந்தேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு ஒரே ஒரு கேட். காலை ஆறுக்குத் திறந்தால் மாலை ஆறுக்கு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. கேட்டில் துப்பாக்கியோடு காவல் இருந்தது. நிறுத்தாமல் போகிற வண்டியைச் சுடலாம் என்று காவலில் இருப்பவர்களுக்கு உத்தரவு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தோட்டத்துக் கிராணி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துரைக்கு முன்னால் வளைந்த முதுகை லயத்துப் பக்கம் வந்து நிமிர்த்திக்கொள்கிறவன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. (ஒன்றில் மை கிடையாது. அது அழகுக்கு.) பால் வெட்டுகிறவர்கள் எல்லோரும் என்னை ஐயா என்றார்கள். என் அப்பா வயதுக்காரர்களும் ஐயா என்றார்கள். நான் அவர்களை டேய் என்றேன். இதை எழுதும்போது காது சூடாகிறது. அப்போது சூடாகவில்லை, அதுதான் கேவலம்.

அந்த வருஷம் ஒரு பழைய இங்கிலீஷ் கார் வாங்கியிருந்தேன். ஜப்பான் சண்டைக்கு முன்பே ஓடிக் களைத்த வண்டி. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் மேலே வரும், விட்டால் கீழே போகும். அதற்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாகியிருந்தது. காரோடு கூட, அதைப் பராமரிப்பது எப்படி என்று இங்கிலீஷில் ஒரு புத்தகமும் கிடைத்தது. காரைவிட எனக்குப் புத்தகத்தின் மேல்தான் பெருமை. லயத்து ஆட்கள் பார்க்கும்படியாக அதைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பேன்.

மலாக்கா டவுனிலிருந்து பத்து பெரண்டாம் என்ற ஊருக்குப் போகிற சடக்கில், அதாவது ரோட்டில், அருளப்பன் என்று ஒருவர் குடியிருந்தார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு ஊசி போடுகிற டிரஸராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் பிலோமினாவை எனக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணைப் பார்த்தாயிற்று. பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. அவள் கோயில் படியிறங்கி வந்ததைப் பார்த்த மறுநாள் காலை, செத்துப் போன ஓர் ஆளுக்குப் பெயர்ப் பதிவில் வேலைக்கு வந்ததாகக் குறித்துவிட்டுப் பெரிய கிராணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த நிலைமையில் இருந்தேன்.

பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பதுதான் பாக்கி. அருளப்பன் லேசுப்பட்டவர் இல்லை. இதற்கு முன் இரண்டு மாப்பிள்ளைகளை வீடு பார்க்கப் போன இடத்திலேயே தள்ளிவிட்டவர். ஒருவன் வீட்டுக் கிணற்றுக்கு மூடி இல்லையாம். இன்னொருவன் வந்தவர்கள் உட்காருவதற்கு முன்பே தான் உட்கார்ந்துவிட்டானாம். தானும் தன் அக்கா மதலேனம்மாவும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். பஸ் வேண்டாம், என் சொந்தக் காரில் நானே வந்து அழைத்துப் போகிறேன் என்று பதில் கொடுத்தேன். சொந்த என்ற வார்த்தைக்கு அடியில் ஒரு கோடும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் பின் சக்கரத்தடியில் எண்ணெய் தேங்கிக் கிடக்கிறது. பிரேக் பெடலை மிதித்தால் தரை வரைக்கும் போகிறது. டவுனில் வர்க்‌ஷாப் வைத்திருந்த தௌக்கே, அதாவது சீன முதலாளி, திங்கட்கிழமைக்கு முன்னால் முடியாது என்று கையை விரித்துவிட்டார். சக்கரத்துக்குள் போடுகிற ரப்பர் மூடியையும் ஒரு டின் பிரேக் எண்ணெயையும் கொடுத்து, "ஆங்கின் காசி குளுவார்" என்றார் மலாயில். மாற்றிய பிறகு உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்று என்று அர்த்தம். இதென்ன பெரிய வித்தை, நம்மிடம் புத்தகம் இருக்கிறதே என்று வந்துவிட்டேன்.

புத்தகம் இருந்தது. படுக்க ஆள் இல்லை. வெள்ளைக் கால்சட்டையோடு காருக்கு அடியில் போவது என் அந்தஸ்துக்கு ஒத்துவராது. ஆகவே முனியாண்டிக்கு ஆள் அனுப்பினேன். முனியாண்டி தோட்டத்து லோரியில் ஓட்டுநருக்குத் துணையாளாகப் போகிறவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். லோரியைப் பிரித்துப் போட்டு மறுபடியும் பூட்டத் தெரிந்தவர். (இப்போது அவர் இவர் என்று மரியாதையாக எழுதுகிறேன். அன்றைக்கு வாடா போடாதான்.) சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து குளித்துவிட்டுச் சோற்றில் கை வைக்கப் போனவரை அப்படியே கூப்பிட்டு வரச் சொன்னேன்.

வந்தார். ரப்பரை அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார். அடுத்தது காற்று. விஷயம் இவ்வளவுதான். பெடலை மிதித்தால் எண்ணெய் குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போய் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். நடுவில் காற்று இருந்தால் அது அமுங்கிக்கொடுக்கும், பிரேக் பிடிக்காது. அதனால் ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மிதிக்கிற நேரத்தில் இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் உள்ள திருகைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். மேலே இருப்பவர் காலை எடுப்பதற்கு முன்பே கீழே இருப்பவர் திருகை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் போன காற்று திரும்பி வரும்.

"ஐயா, ஒரு ரப்பர் டியூப் வேணுங்கய்யா. ஒரு முனைய திருகுல மாட்டி, மறு முனைய எண்ணெ இருக்கிற போத்தல்ல முக்கி வச்சா, காத்து திரும்பிப் போகாது."

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம். அத்தனை மரத்துக்கும் நடுவில் ஒரு முழம் டியூப் கிடையாது.

"மருந்து ரூம்ல எனிமா குழா இருக்குதுங்கய்யா. கேட்டா குடுப்பாங்க" என்றார் முனியாண்டி.

"என் காருக்கு எனிமா குழாயாடா? நாளைக்கு யாரு வர்றாங்க தெரியுமா? குழாயும் வேணாம் ஒண்ணும் வேணாம், சும்மா செய்."

பிறகு புத்தகத்தைத் திறந்தேன். வேலை செய்கிறவர் சக்கரத்தருகே இருந்து உத்தரவு கொடுக்க வேண்டும், உதவியாள் சீட்டில் உட்கார்ந்து சொன்னபோது மிதித்துச் சொன்னபோது விட வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. உதவியாளா? நானா? முனியாண்டி மிதி என்றால் நான் மிதிப்பதா? எதிர் லயத்தில் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கீழே படுத்தால் உத்தரவு போடலாம், ஆனால் கால்சட்டை போய்விடும். மேலே உட்கார்ந்தால் கால்சட்டை பிழைக்கும், மானம் போய்விடும். சீமையில் அச்சுக் கோத்தவன்தான் இடம் மாற்றிப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

"டேய், நான் மேலேருந்து சொல்றேன். அதும்படி நீ செய்."

முனியாண்டி அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினார். "கோவிச்சுக்காதீங்கய்யா. கீழ இருக்கிறவந்தான் சொல்லணும். திருகு எப்ப தெறந்திருக்கு, எப்ப மூடியிருக்குன்னு எனக்குத்தானே தெரியும்."

"புக்கு நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

"நீங்கதாங்கய்யா."

"அப்ப பேசாம படு."

படுத்தார். நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்தேன். "மிதிக்கிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு மிதிப்பேன். அவர் திருகைத் திறப்பார். புஸ்ஸென்று காற்றும் எண்ணெயும் வரும். அது வரைக்கும் ஒழுங்கு. பிறகு எனக்குத் தோன்றியபோது காலை எடுப்பேன். எடுத்த பிறகு, "விட்டாச்சு" என்று அறிவிப்பேன். திறந்து கிடந்த திருகு அதற்குள் ஒரு மடக்குக் காற்றை வாங்கிக்கொண்டிருக்கும். நான்கு சக்கரம், சக்கரத்துக்கு இருபது தடவை. மலாக்காக் காற்று பாதி என் பிரேக்குக்குள்தான் இருந்தது.

அவர் சொல்லாமல் இல்லை. ஒரு தடவை கீழேயிருந்து, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க, காலை மட்டும் கொஞ்ச நேரம் எடுக்காம வச்சிருந்தீங்கன்னா நல்லா இருக்குங்கய்யா" என்றார். இத்தனை மரியாதையும் வந்து முடிவதற்குள் என் கால் மேலே வந்துவிட்டது. எடுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவிடாமல் பண்ணி வைத்திருந்தது நானும் என் இரண்டு பேனாவும்தான்.

கடைசியில் பெடலைப் படபடவென்று பத்துத் தடவை மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக நின்றது. (காற்று இருந்தாலும் அப்படி விடாமல் மிதித்தால் கொஞ்ச நேரம் நிற்கும். இது புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.)

"கல்லு மாதிரி இருக்குடா."

"கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு, ஒரே ஒரு தடவ மிதிச்சுப் பாருங்கய்யா."

"எனக்குத் தெரியும்லா. நீ போய்க் குளி."

போய்விட்டார். ஆறிப் போன சோற்றுக்கு.

மறுநாள் காலை டவுனுக்குப் போகும்போது இரண்டே இடத்தில்தான் நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டும் மேடு. வண்டி தானாகவே நின்றது. பாராட்டை நான் எடுத்துக்கொண்டேன். அருளப்பன் வீட்டு வாசலில் வேலிக் கம்பத்தைத் தொட்டு நின்றேன். அது வேண்டுமென்றே அவ்வளவு நெருக்கமாக நிறுத்தியது என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். ஜன்னலில் பிலோமினாவின் முகம் தெரிந்து மறைந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் இல்லை, பெடலிலும் இல்லை.

அருளப்பன் முன்னால் உட்கார்ந்தார். மதலேனம்மா அத்தை பின்னால். வழியெல்லாம் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பிரேக் வேலையெல்லாம் நானே பார்த்துக்குவேன் மாமா. வர்க்‌ஷாப்ல விட்டா கெடுத்துருவானுங்க. நேத்துதான் என் கையாலயே செஞ்சேன்."

"ஏன் தம்பி, அப்பப்ப கால தட்டிக்கிட்டே இருக்கிற?" என்றார் அத்தை.

"அது ஒரு பழக்கம் அத்தே."

போலீஸ் தடுப்பில் முன்னால் மூன்று லோரிகள் நின்றதால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். அங்கேயும் தப்பித்தேன். பெரிய சடக்கிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பினால் செம்மண் பாதை. கால் மைல் தாண்டினால் இறக்கம். இறக்கத்தின் அடியில் கேட், குறுக்கே போட்ட மரத் தடுப்பு, காவல்காரர் இருவர். இறக்கத்தின் உச்சியில் பிரேக்கை மிதித்தேன். பெடல் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். மேலே வந்தது, அவ்வளவுதான். கியரைக் குறைத்து வண்டியை அடக்கலாம் என்று புத்தகத்தில் இருந்தது. புத்தகம் வீட்டில் இருந்தது.

"வேகம் கொஞ்சம் அதிகமோ?" என்றார் அருளப்பன், வெயில் கொஞ்சம் அதிகமோ என்று கேட்கிற குரலில். பின்னால் ஜெபமாலை உருளுகிற சத்தம் கேட்டது.

தடுப்பில் நின்ற மலாய்க்காரக் காவலர் கையைக் காட்டினார். வண்டி நிற்கவில்லை. துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டு போனார். கல்யாணம் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். உயிர் போயிற்று என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. அவர் பக்கத்தில் நின்ற ஊர்க்காவல் ஆளைப் பார்த்தேன். தோட்டத்து ஆட்கள் முறை போட்டு நிற்கிற காவல் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை முறை முனியாண்டிக்கு.

அவருக்கு ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. பக்கத்து ஆளின் துப்பாக்கியைக் கையால் கீழே அழுத்தி, "பிரேக் தா அடா! பிரேக் தா அடா!" என்று, பிரேக் இல்லை என்பதை மலாயில் கத்தினார். ஓடிப் போய்த் தடுப்பு மரத்தைத் தூக்கினார். வண்டி உள்ளே நுழைந்ததும் அதன் கூடவே ஓடிவந்தார்.

"மிதி! விடு! மிதி! விடு! நிறுத்தாம மிதி! அடேய், மிதிடா!"

மிதித்தேன். விட்டேன். மிதித்தேன். ஐயாவைக் காணோம், அந்தஸ்தைக் காணோம், அச்சுப்பிழையைக் காணோம். அவர் வாய் சொன்னது, என் கால் செய்தது. ஆறாவது மிதிக்குப் பெடல் கொஞ்சம் கெட்டிப்பட்டது. வண்டி தளர்ந்து, மனிதன் நடக்கிற வேகத்துக்கு வந்து, கேட்டுக்கு அப்பால் இருந்த சோதனைக் கொட்டகைக்குள் நுழைந்து நின்றது. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று வேலைக்குப் போகிற பெண்களின் கூடையைத் தினமும் விடியலில் கிளறிப் பார்க்கிற அத்தாப்பு ஓலைக் கொட்டகை அது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலியாக இருந்தது. முட்டிய கம்பம் சாய்ந்து, கூரை மெதுவாக இறங்கி எங்கள் மேல் உட்கார்ந்தது.

முனியாண்டி சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, ஓலையை விலக்கி என்னைப் பார்த்தார். "ஐயா, அடி கிடி பட்டுச்சுங்களா?"

அருளப்பன் இறங்கி வேட்டியில் ஒட்டிய ஓலையைத் தட்டினார். "என்னப்பா ஆச்சு பிரேக்குக்கு?" என்று அவரைத்தான் கேட்டார், என்னை இல்லை.

முனியாண்டி ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க. நேத்து போட்ட ரப்பரு மட்டமான சரக்கு."

அவர் எனக்காகப் பொய் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமா மாமா, ரப்பர் சரியில்ல" என்றேன். இந்த எழுபது சொச்சம் வயதில் தூக்கம் வராத சமயங்களில் எனக்கு நினைவு வருவது துப்பாக்கி இல்லை, இந்த ஆமாதான்.

அருளப்பன் டிரஸர். முப்பது வருஷம் குழாயும் காற்றும் திரவமும் அவருடைய தொழில். "ரப்பர் மேல பழி போடாதீங்க" என்றார். "நேத்து யாரு கீழ இருந்தது, யாரு சொன்னது?"

முனியாண்டி தலையைக் குனிந்துகொண்டார். இனி ஒளிக்க முடியாது என்று தெரிந்தது. "இவருதான் கீழ. நான்தான் சொன்னேன்" என்றேன். என் வாயிலிருந்து முனியாண்டிக்கு முதல் ‘இவர்’ வந்தது அப்போதுதான். உண்மை வந்ததும் அப்போதுதான்.

"ம்" என்றார் அருளப்பன். என் வீட்டுக் கிணற்றுக்கு மூடி இருந்தது, நான்தான் முந்தின வாரம் ஓடிப் போய்ப் போட்டேன். அதை அவர் பார்க்கவே இல்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள், "ஆறு மணிக்கு கேட்ட மூடிருவாங்க. அதுக்குள்ள நாங்க வீடு போகணும். எனிமா குழா இருக்குதா இங்க?" என்றார். முனியாண்டியின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

காரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினோம். அதே இடம், அதே பத்துப் பேர் வேடிக்கை. காவல் முறையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்த முனியாண்டி கீழே. அருளப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எண்ணெய் ஊற்றிய ஜாம் போத்தலில் குழாயின் முனையை முக்கிப் பிடித்தபடி குந்தியிருந்தார். நான் சீட்டில்.

"மிதிங்கய்யா" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

"அதெல்லாம் வேணாம்பா" என்றார் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தை. "கேட்டுல சொன்ன மாதிரி சொல்லு. அப்பதான் தம்பிக்குக் கேக்குது."

கீழே தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மிதி."

மிதித்தேன். போத்தலில் குமிழி குமிழியாக வந்தது.

"விடு."

விட்டேன். ஒவ்வொரு குமிழியும் முந்தின நாள் நான் போட்டது. ஒரு மணி நேரத்தில் நான்கு சக்கரமும் முடிந்தது. முனியாண்டி வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டு, "முடிஞ்சிருச்சுங்கய்யா" என்றார். ஐந்தரைக்குக் கேட்டைத் தாண்டினோம். போகும்போது முனியாண்டியும் கூட வந்தார்; திரும்புவதற்குள் கேட் மூடிவிடும் என்பதால் இரவு டவுனில் தங்குவதாக ஏற்பாடு. அவர்தான் ஓட்டினார். அருளப்பனின் உத்தரவு.

என் கதி என்ன என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் மதலேனம்மா அத்தைதான் என்னைப் பிடித்தார். "கார் ஓட்டத் தெரியல. பொய் சொல்ற, அதையும் ஒழுங்கா சொல்லத் தெரியல. ஆனா அந்த ஆள் சொன்ன ஒடனே மிதிச்ச, சொன்ன ஒடனே விட்ட. எங்க பிலோமினாவுக்கு வாய் நீளம். சொன்னா கேக்கிற மாப்பிள்ளதான் வேணும்னு என் தம்பி அருளப்பன்கிட்ட சொல்லிட்டேன்."

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் படிப்புக்காக இல்லை, காருக்காக இல்லை, கிணற்று மூடிக்காகவும் இல்லை.

முனியாண்டி பிறகு சுங்கை ரம்பாயில் சொந்தமாக வர்க்‌ஷாப் போட்டார். நான் வாங்கிய ஒவ்வொரு காரும் அவரிடம்தான் போகும். எத்தனை தடவை சொல்லியும் கடைசி வரை ஐயாவை அவர் விடவில்லை. காருக்கு அடியில் படுத்திருக்கும்போது மட்டும் மிதி, விடு. அதைக் கேட்பதற்காகவே நல்ல பிரேக்கை இரண்டு தடவை பழுது என்று சொல்லிக் கொண்டு போயிருக்கிறேன். அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.

வீட்டிலும் அதே இரண்டு வார்த்தைதான் ஆட்சி. நான் ஒரு வேலையைத் தொடங்காமல் இழுத்தால் பிலோமினா "மிதிங்க" என்பாள். யாருக்காவது புத்தி சொல்லத் தொடங்கினால் "விடுங்க" என்பாள். பிள்ளைகளுக்கும் அது தொற்றி, மருமகன்களுக்கும் போய்விட்டது. இந்தக் கட்டுரையையும் அவளிடம்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மனிதர்களின் சமத்துவத்தைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த அருமையான ஒரு பத்தியைத் தொடங்கியதும் கண்ணைத் திறந்தாள்.

"விடுங்க" என்றாள்.

விட்டேன்.